விட்டுப்போன நிழல்

எங்கள் பூவலேந்தல் கண்மாய்க்கு வடக்கே இருந்து வரும் பறவைகள், பங்குனியில் திரும்பிப் போகிறபோது நிழலை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போகும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நிழல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பனிமலையைத் தாண்ட வேண்டிய பறவை பாரம் குறையட்டும் என்று விட்டுப் போகிறது என்பார்கள் சிலர். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதில்லையா, அது மாதிரி அடுத்த வருஷத்துக்கு இடம் பிடித்துப் போடுகிறது என்பார்கள் சிலர். நான் நாகவள்ளி, இந்தப் பறவைகள் சரணாலயத்தின் வாசலில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் துண்டு போடுகிற கதைதான் பிடிக்கும்.

சித்திரையில் தண்ணீர் வற்றி, வைகாசியில் சேறு வெடித்து, ஆனியில் கண்மாய் முழுக்க ஆடு மேய்கிற பொட்டலாகிவிட்ட பிறகும், எழும்பிய நேரத்தில் இறக்கை எப்படி விரிந்திருந்ததோ கால் எப்படி மடங்கியிருந்ததோ அப்படியே அந்த நிழல்கள் வெடித்த மண்மேல் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு காக்கை இருக்காது. சூரியன் கிழக்கே நின்றாலும் மேற்கே நின்றாலும் அவை நகராது. போட்டோ எடுத்தால் மண் மட்டும்தான் விழும், அதனால்தான் இந்த விஷயம் பேப்பரில் வரவில்லை, வந்திருந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது.

நாங்களும் பழகிவிட்டோம். கண்மாய்க்குள் மிளகாய் காயப் போடுகிற பெண்கள் நிழலுக்கு ஒரு முழம் தள்ளியே கொட்டுவார்கள். நூறு நாள் வேலையில் தூர் வாரிய வருஷம், ஒரே மட்டமாக வெட்டச் சொல்லிவிட்டு ஓவர்சியர் சாப்பிடப் போக, எங்கள் ஆட்கள் நிழலை எல்லாம் சுற்றிச் சுற்றி வெட்டி, கண்மாய் நெடுக வாத்து வாத்தாகத் திட்டு நிறுத்திவிட்டார்கள், அவர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். முளைப்பாரி ஊர்வலம் கண்மாயைக் குறுக்கே கடக்கும்போது, பாரி சுமந்த பெண்கள் எதையும் மிதிக்காமல் வளைந்து வளைந்து போவதால் அரை மணி நேரத்து வழி இரண்டு மணி நேரமாகும், கொட்டுக்காரர்கள் தனியாக முனகுவார்கள். அக்கினி வெயிலில் நிழலுக்குச் சுடுமா சுடாதா என்று ஒரு தடவை ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி, சுட்டாலும் சுடும் என்று முடிவாகி, ஓலைப் பந்தல் போட்டோம். பந்தலின் நிழல் விழுந்ததும் எது ஓலை எது வாத்து என்று தெரியாமல் போனது, மறுநாளே பிரித்துவிட்டோம்.

மழை பெய்து கண்மாய் பெருகும்போது நிழல்கள் தண்ணீரோடு தண்ணீராக மேலே வந்துவிடும். கார்த்திகையில் வரித்தலை வாத்துகள் வரும், அப்புறம் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கால் நீண்ட மூக்கன்கள் எல்லாம் வரும், வரும்போது ஒன்றின் கீழும் நிழல் இருக்காது. மேலே வட்டம் போட்டு, வட்டம் போட்டு, ஆயிரம் நிழலுக்கு நடுவே தன்னுடையதைக் கண்டுபிடித்து, அதன்மேல் சரியாக இறங்கி, இரண்டு உதறு உதறிவிட்டு, அதை இழுத்துக்கொண்டே நீந்திப் போகும். ஒரு தடவைகூட மாறி எடுத்து நான் பார்த்ததில்லை.

எல்லா நிழலுக்கும் ஆள் வருவதில்லை. கோடையில் சில நிழல்கள் இருந்தாற்போல் இருந்து மறைந்துவிடும், விளக்கு அணைகிற மாதிரி, ஒரு சத்தமும் இருக்காது. முதலில் நாங்கள் மண் தின்றுவிட்டது என்று நினைத்தோம். காலில் வளையம் போட்ட ஒரு வாத்தின் நிழல் ஆனி ஏழாம் தேதி அணைந்ததை வாட்சர் முத்திருளாண்டி தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். நாலு மாதம் கழித்து மங்கோலியாவிலிருந்து கடிதம் வந்தது, அந்த வளையத்து வாத்து அங்கே ஓர் ஏரிக்கரையில் செத்துக் கிடந்ததாக, அதே ஆனி ஏழாம் தேதி. அன்றிலிருந்து ஊரில் ஒரு வழக்கம். நிழல் அணைவதை யார் கண்ணால் பார்த்தார்களோ அவர்கள் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வந்து அந்த இடத்தில் ஊற்ற வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஊற்ற வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர் எழுந்து வந்து ஊற்றியிருக்கிறார்.

இன்னும் ஒரு வகை உண்டு. அணையவும் அணையாது, எடுத்துக்கொள்ளப் பறவையும் வராது. வருஷக்கணக்காக அப்படியே கிடக்கும். பறவை எங்கேயோ உயிரோடு இருக்கிறது, இங்கே மட்டும் வரவில்லை. அந்த நிழல்களை நாங்கள் "வெளியூர்" என்போம். ஆள் வீட்டில் இல்லையா என்று கேட்டால் வெளியூர் என்று சொல்வோமே, அந்த வெளியூர்தான்.

இந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, தூறலில், சங்ககிரி வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு பெண்மணி இறங்கினார், ஐம்பதை நெருங்குகிற வயது, நெற்றியில் குங்குமம், கழுத்தில் வார் தேய்ந்துபோன பைனாகுலர், கையில் பறவைப் படங்கள் போட்ட புத்தகம். பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர், செல்போனும் கையுமாக. வருகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் முதலில் கேட்பது பாத்ரூம் எங்கே என்று, மீதிப்பேர் வாத்தைப் பிடித்துக் கொடுத்தால் செல்பி எடுத்துக்கொள்வோமே என்று. இவர் கேட்டது வேறு.

"வரித்தலை வாத்து வந்துருச்சுங்களா?"

"நேத்துதான் வந்தாக அக்கா. எந்த ஊருலருந்து வாறீக?"

"சங்ககிரிங்க. ராமேஸ்வரம் போறோம். வழியில இந்தக் குளம் இருக்குதுன்னு புஸ்தகத்துல பாத்தேனுங்க. மத்தியானம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போலாமுன்னு தம்பிகிட்டச் சொன்னேன்."

தம்பி என்றது அந்த வெள்ளைச் சட்டைக்காரரை. பெயர் செங்கோடன், அவருடைய கணவரின் தம்பி. அந்த அம்மாவுக்குக் கமலவேணி என்று பெயர். மழையில் வேறு ஆள் வரவில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் முத்திருளாண்டி அண்ணனோடு அவர்களைக் கூட்டிக்கொண்டு கரைமேல் நடந்தேன்.

முத்திருளாண்டி அண்ணன் பறவைகளை அவுக இவுக என்றுதான் பேசுவார். அங்கிட்டு இருக்கிறவுக நேத்து வந்தவுக, இங்கிட்டு ஒதுங்கி நிக்கிறவுக கோவக்காரவுக என்று அவர் காட்டக் காட்ட, கமலவேணி பைனாகுலரை இறக்காமல் பார்த்தார். தண்ணீர்மேல் கிடந்த நிழல்களையும் பார்த்தார். மேலே பறவை இல்லாமல் கீழே நிழல் கிடப்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கண்ணைக் கசக்குவார்கள், அவர் கசக்கவில்லை. ஒரு வாத்து வட்டம் போட்டு இறங்கித் தன் நிழலை உதறி இழுத்துக்கொண்டு போனபோது, "வந்து சேந்துருச்சுங்க" என்று மட்டும் சொன்னார், ஊருக்கு வந்த சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

செங்கோடன்தான் நிலைகொள்ளாமல் இருந்தார். செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அடித்ததும் அதை அண்ணியின் முன்னால் நீட்டினார்.

"அண்ணி, பிரஸ்காரருங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லச் சொல்றாருங்க."

"அப்பறம் கூப்புடறேன்னு சொல்லுங்க தம்பி."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, எதும் அவசரமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பைனாகுலரை இறக்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்மாயைப் பார்த்தபடியே சொன்னார்.

கணவர் பெயர் அர்த்தநாரி. சொந்த லாரி. ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு குஜராத்துக்குப் போனவர். போகிற வழியெல்லாம் போன் பண்ணி, அங்கே ரோட்டோரத் தண்ணீரில் என்ன பறவை நிற்கிறது, என்ன நிறம், மூக்கு எப்படி என்று சொல்லிக்கொண்டே போவாராம், பேர் எதுவும் தெரியாது, இவர்தான் பழைய புத்தகக் கடையில் படப் புத்தகம் வாங்கிவைத்துக்கொண்டு பேர் கண்டுபிடித்துச் சொல்வாராம். ஒரு பங்குனியில் போன் நின்றுபோனது. லாரி ஒரு தாபா வாசலில் நின்றிருந்தது, சாவி அதிலேயே இருந்தது, லோடில் ஒரு மூட்டை குறையவில்லை, ஆளை மட்டும் காணோம். போலீஸ் தேடியது, லாரி சங்கத்து ஆட்கள் தேடினார்கள், செங்கோடன் ஆறு தடவை போய் வந்தார். ஏழு வருஷம் முடிந்து எட்டாவது நடக்கிறது.

"அன்னிலிருந்து எங்க போனாலும் குளம் இருந்தா எறங்கிருவேனுங்க. இந்தப் பறவை இந்த மாசம் இங்க இருந்து கெளம்பும், இந்த மாசம் அங்க போய்ச் சேருமுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. மனுசனுக்கு அப்படி ஒரு புஸ்தகம் போடலைங்களே" என்றார்.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாக வேண்டும். அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா 'தெய்வத்திரு' என்று போடுவதா என்று பிரஸ்காரர் கேட்கிறார். ராமேஸ்வரத்தில் திதி கொடுத்துவிட்டு 'தெய்வத்திரு' என்று போட்டுவிடலாம் என்று சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பேசி முடித்துத்தான் வேனில் ஏற்றியிருக்கிறார்கள்.

"திருன்னு போட்டா, மணவறையில அப்பா எங்கன்னு கேப்பாங்க. தெய்வத்திருன்னு போட்டா, நானே அவரைக் கொன்ன மாதிரிங்க. நாலெழுத்துத்தான் வித்தியாசம். எங்கையில இருந்து வர மாட்டேங்குதுங்க."

செங்கோடன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் அது நடந்தது. கரையிலிருந்து பத்தடி தள்ளி, நாட்டுக் கருவேல மரத்தடியில் ஒரு வாத்தின் நிழல் கிடந்தது, நல்ல அகலமான இறக்கை. நாங்கள் நாலு பேரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று அது இல்லை. அந்த இடத்தில் வெறும் தண்ணீர், தூறல் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. முத்திருளாண்டி அண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எப்போதும் கரையில் வைத்திருக்கும் செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். தண்ணீரை மொண்டு தண்ணீரிலேயே ஊற்றினோம்.

"என்னங்க அது?" என்றார் கமலவேணி, கரையில் நின்றபடி.

"வந்துக்கிட்டே இருந்தவுக போலருக்கு. வழியில முடிஞ்சு போச்சு" என்றார் முத்திருளாண்டி அண்ணன். "ஒடம்பு எங்கிட்டு இருந்தாலும் உசுரு இருக்கவரைக்கும் நெழலு இங்கன கிடக்கும்மா. அங்க உசுரு போனா இங்க அணைஞ்சுரும். பாத்தவுக ஒரு செம்புத் தண்ணி ஊத்தணும், அம்புட்டுத்தான்."

அணையாமலும் வராமலும் கிடக்கிற நிழல்களையும் அவரே காட்டினார். கிழக்கு மடைப்பக்கம் மூன்று இருந்தன. ஒன்று ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது. "அவுக வெளியூரு" என்றார்.

கமலவேணி அந்த மூன்று நிழலையும் வெகுநேரம் பார்த்தார். பைனாகுலர் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு மெதுவாகக் கரையிலேயே, ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"எங்க லாரி நிறுத்தற வண்டி செட்டு சுவத்துல ஒரு கறை இருக்குதுங்க" என்றார்.

செங்கோடன் திரும்பிப் பார்த்தார்.

"கெளம்புன அன்னிக்குக் காலையில அந்தச் சுவத்துல சாஞ்சுதானுங்க டீ குடிச்சாரு. நான்தான் டம்ளர் வாங்கிட்டு வந்தேன். மறுநா பாத்தா சுவத்துல கறை. ஆளு ஒசரத்துக்கு. லாரிக்காரன் வீட்டுச் சுவத்துல கிரீஸ் இல்லாம வேற என்ன இருக்கும்? கிரீஸ் முதுகோட சாஞ்சுட்டாருன்னு நெனச்சேனுங்க. பொங்கலுக்குப் பொங்கல் மண்ணெண்ணெய் ஊத்தி, சோடா உப்புப் போட்டு, தேங்கா நாருல தேய்ப்பேன். சுண்ணாம்பு அடிப்பேன். தை முடியறதுக்குள்ள சுண்ணாம்புக்கு மேல வந்துருமுங்க. எந்தச் செட்டுலயும் இப்படி ஒரு கிரீஸ் பாத்ததில்லைன்னு தம்பிகூடச் சொல்லுவாரு."

லாரிக்காரர்களுக்குக் கறை என்றால் கிரீஸ்தான். நாங்களாக இருந்தால் அது நிழல் என்று முதல் நாளே சொல்லியிருப்போம், அவர்கள் ஊரில் சொல்ல யார் இருந்தார்கள்?

கமலவேணியின் முகம் அப்போது மலர்ந்துவிட்டது. அவர் எழுந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இருக்காருங்க. எங்கயோ இருக்காரு. வெளியூருதான். வராட்டிப் போறாரு, எங்கள நெனைக்காட்டிப் போறாரு. போனக் குடுங்க தம்பி. திருன்னு போடச் சொல்றேன்."

செங்கோடன் போனைக் கொடுக்கவில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, கல்யாணத்துக்குன்னு ஆவணி பத்தாந்தேதி அந்தச் சுவத்துக்கு நாந்தானுங்க பெயிண்ட் அடிச்சேன்."

"அடிச்சா என்ன தம்பி, சுண்ணாம்புக்கே மேல வந்தது பெயிண்டுக்கு வராதுங்களா?"

"பெயிண்ட் அடிக்கப் போறப்பவே கறை இல்லீங்க அண்ணி. சுவரு சுத்தமா இருந்துச்சு. கல்யாணத்துக்காக நீங்க தேச்சுக் கழுவிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்க கழுவுனேன்? நான் பொங்கலுக்குத்தானுங்களே கழுவுவேன். ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்குப் போக வண்டி எடுத்தப்ப இருந்துச்சு. எங்கண்ணால பாத்தேன். அப்பறம் இல்லாதப்ப, நீங்க பெயிண்ட் அடிச்சதுல மறைஞ்சிருக்குதுன்னுதான் நான் நெனச்சேன்."

அண்ணி கழுவிவிட்டார் என்று கொழுந்தனும், கொழுந்தன் அடித்த பெயிண்டில் மறைந்தது என்று அண்ணியும் நினைத்துக்கொண்டு, இரண்டு பேருமே அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கும் ஆவணி பத்துக்கும் நடுவே இருபது இருபத்தைந்து நாள். அதில் ஏதோ ஒரு நாள், காலையோ மாலையோ, ஆள் இல்லாத வண்டிச் செட்டில், ஒரு சத்தமும் இல்லாமல் அது அணைந்திருக்கிறது. ஏழு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். எந்த ஊரில், யாரோடு, எந்த வேலையில், புத்தி தெளிந்தோ கலங்கியோ, எதுவும் இனித் தெரியப்போவதில்லை. நாலு மாதத்துக்கு முன்பு வரை இருந்திருக்கிறார்.

செங்கோடன் குலுங்கிக் குலுங்கி அழுதார். கமலவேணி அழவில்லை. கண்மாயைப் பார்த்தபடி நின்றார். போன் மறுபடி அடித்தது. அவரே வாங்கிக் காதில் வைத்தார்.

"ஆமாங்க, நாந்தானுங்க. தெய்வத்திருன்னே போட்டுருங்க. தெய்வத்திரு அர்த்தநாரி. ஆமாங்க, சரியாத்தானுங்க சொல்றேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டுங்க."

போனைச் செங்கோடன் கையில் கொடுத்தார். தூறல் நின்றிருந்தது. வாத்துகள் இரண்டு வந்து வட்டம் போட்டன, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கமலவேணி முத்திருளாண்டி அண்ணன் பக்கம் திரும்பினார். டாக்டரிடம் கேட்கிற மாதிரி, அடக்கமாகக் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏழு பொங்கலுக்கு மண்ணெண்ணெய் போட்டு, நாரு போட்டு, பல்லக் கடிச்சுட்டுத் தேச்சேனுங்களே. அங்க அவருக்கு எரிஞ்சிருக்குமுங்களா?"

எங்கள் ஊரில் நிழலை மிதித்தவர்கூடக் கிடையாது, தேய்த்தவர் எங்கே இருக்கிறார்? அது எரியுமா எரியாதா என்று எங்களுக்கு என்ன தெரியும்? தெரியாது என்பதுதான் நிஜம், அதை அண்ணன் சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்தேன். முத்திருளாண்டி அண்ணன் அவசரப்படவில்லை. கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"எரிஞ்சிருக்காதும்மா" என்றார். "தூராதொலவுல போய்ச் சேந்தவுகளக் குளிப்பாட்ட அங்க சொந்தம் யாரு இருந்திருப்பாக? நீங்கதான் ஏழு தடவ குளிப்பாட்டி விட்டிருக்கீக."

அதற்கப்புறம்தான் கமலவேணி அழுதார். ஏழு வருஷத்து அழுகை அது. நடுவில் நிறுத்த நாங்கள் யாரும் போகவில்லை.